எலும்பு கிடைத்தது, உறவு கிடைக்கவில்லை: வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1957 பிப்ரவரியில் அட்டைப் பெட்டி ஒன்றுக்குள் ஒரு சிறுவன் பிணமாகக் கண்டெடுக்கப்பட்டான். யாரென்றே தெரியாமல் புதைக்கப்பட்ட அவனுக்கு 65 ஆண்டுகள் கழித்து 2022-இல் பெயர் கிடைத்ததைச் சென்ற இதழில் சில வரிகளில் குறிப்பிட்டிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்கள் மிகுதி என்பதால் இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்களில் பலர் தங்கள் வீட்டிலிருந்து காணாமல் போனவர்களைப் பற்றியே எழுதியிருப்பதால், பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் தருகிறேன்.

கேள்வி: மண்ணுக்குள் 65 ஆண்டுகள் கிடந்த எலும்பிலிருந்து ஒரு பெயரை எப்படி எடுத்தார்கள்? பெற்றோரின் டிஎன்ஏ காவல்துறையிடம் இருந்ததா? நம் ஊரிலும் பழைய வழக்குகளை இப்படித் திறக்க முடியாதா?
— வாசகர், தாம்பரம்

பதில்: பெற்றோரின் டிஎன்ஏ இல்லை, பெற்றோர் யாரென்பதே தெரியாது. அந்தச் சிறுவனின் முகப்படத்தை அச்சிட்டு நகரெங்கும் பரப்பியும் 'எங்கள் பிள்ளை' என்று ஒருவரும் வரவில்லை. அவனுடைய உடலை 1998-இல் ஒரு முறையும் 2019-இல் மறு முறையும் தோண்டி எடுத்தார்கள். இடையில் மாறியது எலும்பு அன்று, சோதனை முறை.

காவல்துறை வழக்கமாகச் செய்யும் டிஎன்ஏ சோதனை, மரபணுத் தொடரில் ஏறத்தாழ இருபது இடங்களை மட்டுமே பார்க்கிறது. 'இவர் இன்னாரின் பிள்ளையா' என்று கேட்டால் அது உறுதியாகப் பதில் சொல்லும். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லாதபோது அந்தப் பதிலால் பயன் இல்லை. புதிய முறையோ லட்சக்கணக்கான இடங்களைப் பார்க்கிறது. அப்பா அம்மாவுடன் நாம் பாதிப் பங்கைப் பகிர்கிறோம். பெரியப்பா, அத்தை, மாமா, சித்தி ஆகியோரின் பிள்ளைகளுடன் எட்டில் ஒரு பங்கு. அவர்களுடைய பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் தங்களுக்குள் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. இவ்வளவு மெலிந்த பங்கையும் லட்சக்கணக்கான இடங்களைப் பார்க்கும் சோதனை பிடித்துவிடுகிறது. தங்கள் வம்சாவளியை அறிந்துகொள்ளும் ஆவலில் தாமாகவே டிஎன்ஏ விவரத்தைப் பொதுத் தரவுத்தளங்களில் சேர்த்திருக்கும் மக்களிடையே அந்தச் சிறுவனின் தூரத்து உறவினரைத் தேடினார்கள். தாய்வழி உறவு ஒன்று அகப்பட்டது. அங்கிருந்து குடும்ப மரத்தை வரைந்து, தாயைக் கண்டறிந்து, பிறப்புப் பதிவேடுகளைப் புரட்டித் தந்தையை அடைந்தார்கள். 2022 டிசம்பர் 8 அன்று, அவன் 1953-இல் பிறந்த ஜோசப் அகஸ்டஸ் ஸரெல்லி என்று காவல்துறை அறிவித்தது. அவனைக் கொன்றது யார் என்பது அந்த அறிவிப்பில் இல்லை.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு கடற்கரையில் 1948 டிசம்பர் 1 அன்று இறந்து கிடந்த 'சோமர்டன் மனிதர்' வழக்கிலும் இதே வழிதான். அவருடைய முகத்துக்கு அன்று எடுத்த பிளாஸ்டர் வார்ப்பில் ஒட்டியிருந்த முடியிலிருந்து டிஎன்ஏ எடுத்து, அவர் மெல்பர்னைச் சேர்ந்த மின்பொறியாளர் கார்ல் வெப் என்று பேராசிரியர் டெரெக் அபாட் 2022-இல் அறிவித்தார்.

இனி நம் ஊருக்கு வருவோம். ஆய்வுக்கூடமும் அறிவும் நம்மிடம் இல்லாமல் இல்லை. 1849-இல் இந்தியாவின் முதல் ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் தோன்றியதே மதராசில்தான். அந்த மரபில் வரும் தடய அறிவியல் துறை இன்று மயிலாப்பூரில் காமராசர் சாலையில் இயங்குகிறது. தடை வேறிடத்தில் இருக்கிறது. வம்சாவளித் தரவுத்தளங்களில் நம்மவர்கள் மிகச் சிலரே. தந்தை பெயரின் முதலெழுத்தையே முன்னால் போட்டுக்கொள்ளும் நமக்குத் தலைமுறைகளைக் கடந்து வரும் குடும்பப் பெயரும் இல்லை; ஆகவே பதிவேட்டில் ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுவது கடினம். இன்னொரு சிக்கலைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. மாமன் மகளையும் அத்தை மகனையும் அக்காள் மகளையும் தலைமுறை தலைமுறையாக மணந்து வந்த குடும்பங்களில், தூரத்து உறவினர் இருவர்கூட நெருங்கிய உறவினரைப் போலப் பங்கைப் பகிர்வார்கள். மேலைநாட்டுக் கணக்கை அப்படியே இங்கே போட்டால் மூன்றாம் தலைமுறை உறவு முதல் தலைமுறை உறவாகத் தோன்றி, தேடுபவரைத் தவறான வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடும். ஆதலால் நமக்கு ஏற்ற வழி, காணாமல் போனவரின் குடும்பத்தையும் பெயரில்லாத உடலையும் நேருக்கு நேர் ஒப்பிடுவதே என்பது என் கருத்து. அதற்கு இருபது இடங்களைப் பார்க்கும் பழைய சோதனையே போதும்.

கேள்வி: பழைய வீட்டை இடித்து அஸ்திவாரம் தோண்டும்போது சில எலும்புகள் வந்தன. மேஸ்திரி 'மாட்டு எலும்பு' என்று சொல்லி அப்புறப்படுத்திவிட்டார். மனித எலும்பாக இருந்திருந்தால் என்ன செய்திருக்க வேண்டும்?
— வாசகர், குன்றத்தூர்

பதில்: வேலையை நிறுத்திவிட்டு, எதையும் எடுக்காமல், கழுவாமல், காவல் நிலையத்துக்குச் சொல்லியிருக்க வேண்டும். எலும்பு கிடந்த நிலை, அதைச் சுற்றியிருந்த மண், ஒரு பொத்தான், ஒரு மெட்டி, அரைஞாண் கயிற்றின் துண்டு ஆகியவை எலும்பைவிட அதிகம் பேசக்கூடும். இப்போதும் மேஸ்திரியிடம் எங்கே கொட்டினார் என்று கேட்டு, காவல் நிலையத்தில் சொல்லிவிடுவதே நல்லது.

உங்கள் பகுதியில் வேறொரு சாத்தியமும் உண்டு. குன்றத்தூர், பல்லாவரம் வட்டாரங்களில் ஈராயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஈமக்குழிகளும் தாழிகளும் கிடைத்திருக்கின்றன. எலும்பு பழங்காலத்ததா, அண்மைக் காலத்ததா என்பதைக் கண்ணால் மட்டும் பார்த்து உறுதி சொல்வது தேர்ந்தவர்களுக்கும் கடினம். இங்கே அணுகுண்டுச் சோதனைகள் எதிர்பாராத உதவியாக வருகின்றன. 1950-களின் நடுப்பகுதி முதல் 1963 வரை வானில் வெடித்த குண்டுகளால் காற்றில் கதிரியக்கக் கார்பன் பெருமளவு கூடி, உணவு வழியே அக்காலத்திலும் அதற்குப் பின்னரும் வாழ்ந்தவர்களின் எலும்பிலும், அக்காலம் முதல் உருவான பற்களிலும் பதிந்திருக்கிறது. அந்தப் பதிவு இருந்தால் அது தொல்லியல் துறைக்கு உரிய எலும்பு அன்று, காவல்துறைக்கு உரியது.

ஆணா பெண்ணா என்பதை இடுப்பெலும்பு நன்றாகச் சொல்லும். வயதைப் பற்களும் எலும்பு முனைகள் இணைந்திருக்கும் நிலையும் சொல்லும். காறை எலும்பின் உள்முனை முப்பதை ஒட்டித்தான் முழுமையாக இணைகிறது. நடுவயதைத் தாண்டிவிட்டால் கணிப்பு பத்து, பதினைந்து ஆண்டு முன்பின்னாகப் போகலாம். தொடை எலும்பிலிருந்து உயரத்தைக் கணிக்க உலகெங்கும் பயன்பட்டு வந்த சூத்திரம் 1952-இல் அமெரிக்க உடல்களை அளந்து உருவாக்கியது. நம் மக்களின் அளவுகளைக் கொண்டு திருத்தாமல் அதைப் பயன்படுத்தினால் சில சென்டிமீட்டர் பிசகும். அறிக்கையில் 'சுமார் 165 செ.மீ.' என்று எழுதியிருப்பதை அப்படியே பிடித்துக்கொண்டு, 'எங்கள் அண்ணன் 170 செ.மீ., ஆகவே இது அவர் இல்லை' என்று குடும்பத்தார் திரும்பிப் போய்விடக் கூடாது என்பதற்காகவே இதை விரிவாகச் சொல்கிறேன்.

கேள்வி: மண்டையோட்டின் படத்தையும் உயிரோடிருந்தபோது எடுத்த புகைப்படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி ஆளை அடையாளம் காண்பதை நீதிமன்றம் ஏற்கிறதா? டிஎன்ஏ வந்த பிறகும் அது தேவையா?
— சட்ட மாணவி, மயிலாப்பூர்

பதில்: ஏற்கிறது. 1935-இல் ஸ்காட்லாந்தின் ஓடை ஒன்றில் துண்டுகளாகக் கிடைத்த இரண்டு பெண்களின் உடல்களை கிளெய்ஸ்டர், பிராஷ் என்ற இரு பேராசிரியர்கள் இவ்வாறு பொருத்திப் பார்த்தது இம்முறைக்கு உலகப் புகழைத் தந்தது. நம் உச்ச நீதிமன்றமும் 1963-இல் மேற்கு வங்க வழக்கொன்றில் இத்தகைய படம் சாட்சியமாகச் செல்லும் என்று கூறியது. ஆனால் இச்சோதனையின் இயல்பை அறிந்துகொள்ள வேண்டும். 'இது அவருடைய மண்டையோடு அன்று' என்று அது திடமாகச் சொல்லும். 'அவருடையதாக இருக்கலாம்' என்பதற்கு மேல் அதனால் உறுதி கூற இயலாது. கண்குழிகளும் தாடையும் ஒத்துப்போகும் முகங்கள் ஓர் ஊரில் ஒன்றுக்கு மேற்பட்டு இருக்கும்.

1996-இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட வழக்கை நீங்கள் படிக்க வேண்டும். உடலின் நடுப்பகுதி சென்னை மாநகரப் பேருந்து ஒன்றில் பெயரில்லாப் பிணமாகவே முதலில் கிடைத்தது. தலை பல்கலைக்கழக வளாக நீர்நிலையில் கிடைத்தது. மண்டையோட்டுப் பொருத்தமும் பெற்றோரின் ரத்தத்தோடு செய்த டிஎன்ஏ ஒப்பீடும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. உயர் நீதிமன்றம் அளித்த விடுதலையை 2011-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, தண்டனையை மீண்டும் நிலைநிறுத்தியது.

அதற்கும் முன்னால், சென்னையின் முதியவர்கள் இன்றும் மறக்காத ஆளவந்தார் என்பவர் கொல்லப்பட்ட 1952-ஆம் ஆண்டின் வழக்கு இருக்கிறது. தலையில்லாத உடல் ரயிலில் டிரங்குப் பெட்டிக்குள் மானாமதுரை வரை போய்விட்டது. தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. டிஎன்ஏ என்ற பேச்சே இல்லாத காலம். ஆளவந்தார் முன்பு ராணுவத்தில் இருந்ததால் அங்கே அவருடைய கைரேகை இருந்தது. கணவரைக் காணவில்லை என்று மனைவி தேடிக்கொண்டிருந்தார். உடல் ஒரு ஊரில், தலை வேறோர் ஊரில் என்றிருந்தும் அடையாளம் விரைவில் விளங்கியதற்கு இவ்விரண்டுமே காரணம். எந்தக் கருவி இருந்தாலும் கிழிந்த ரூபாய் நோட்டின் மறுபாதியைப் போல ஒப்பிடுவதற்கு ஒன்று மறுபக்கத்தில் இருந்தாக வேண்டும். பழைய வழக்குகள் பெரும்பாலும் நின்றுபோவது எலும்பின் பக்கத்தில் அன்று, இந்த மறுபக்கத்தில்தான்.

கேள்வி: ஆதாரில் எல்லோருடைய கைரேகையும் இருக்கும்போது அடையாளம் தெரியாத உடல் என்று ஒன்று ஏன் இருக்க வேண்டும்?
— வாசகர், அண்ணா நகர்

பதில்: ஆதார் எண் வழங்கத் தொடங்கியது 2010-இல்; அதற்கு முன் இறந்தவர்கள் அதில் இல்லை. எலும்பாகிவிட்ட உடலில் ரேகையும் இல்லை. அண்மையில் இறந்தவரே ஆனாலும், ஆதாருக்காகப் பெற்ற கைரேகையையும் கருவிழிப் பதிவையும் எந்தக் காரணத்துக்காகவும் யாருடனும் பகிரக் கூடாது என்று ஆதார் சட்டத்தின் 29-ஆம் பிரிவு தடுக்கிறது. 2022 முதல் இயங்கும் தேசியத் தானியங்கிக் கைரேகை அமைப்பு குற்றப் பதிவுகளைக் கொண்டது. வாழ்நாளில் ஒரு வழக்கிலும் சிக்காத ஏழைத் தொழிலாளி அதில் இருக்க மாட்டார்.

கேள்வி: ஐயா, என் சித்தப்பா 1988-இல் வேலை தேடிப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பியவர் திரும்பவே இல்லை. தாத்தாவும் பாட்டியும் இறந்துவிட்டார்கள். என் அப்பாவுக்கு வயது 74. சித்தப்பா எங்கோ பெயர் தெரியாத உடலாகப் புதைக்கப்பட்டிருந்தால் இனிமேல் கண்டுபிடிக்க வழி உண்டா? நான் என் ரத்தத்தைக் கொடுக்கத் தயார்.
— வாசகி, வியாசர்பாடி

பதில்: அம்மா, உங்கள் ரத்தத்தைவிட உங்கள் அப்பாவின் ரத்தமே இங்கே தேவை, அதுவும் தாமதிக்காமல் தேவை. காரணத்தைச் சொல்கிறேன்.

பல பத்தாண்டுகள் மண்ணில் கிடந்த எலும்பில், அதிலும் நம் கடலோர வெப்பத்திலும் ஈரத்திலும், உயிரணுவின் கருவில் உள்ள டிஎன்ஏ துண்டு துண்டாகச் சிதைந்திருக்கும். ஆனால் கருவுக்கு வெளியே மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள டிஎன்ஏ, ஓர் உயிரணுவுக்கு நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் படிகளாக இருப்பதால் ஏதேனும் சில தப்பிப் பிழைக்கும். அது தாயிடமிருந்து மட்டுமே வருவது. உங்கள் பாட்டியிடமிருந்து அது உங்கள் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் வந்திருக்கிறது. அத்தை வழியாக அத்தை பிள்ளைகளுக்கும் போயிருக்கிறது. பாட்டியின் உடன்பிறந்தவர்களிடமும் அதுவே இருக்கும். உங்களிடம் இல்லை; உங்களுக்கு வந்தது உங்கள் அம்மாவுடையது. ஆண்வழியில் மட்டும் வரும் ஒய் குரோமோசோம் உங்கள் தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பங்காளி வீட்டு ஆண்களுக்கும் வந்திருக்கிறது. பெண் என்பதால் அதுவும் உங்களிடம் இல்லை. இரண்டும் ஒருங்கே இருப்பது உங்கள் அப்பாவிடம். அவருடன் அத்தையும் மாதிரி கொடுத்தால் ஒப்பீடு இன்னும் வலுப்படும். பெற்றோர் இல்லாத இடத்தில் உடன்பிறந்தவர் எத்தனை பேர் கிடைக்கிறார்களோ அத்தனை நல்லது.

அரசு ஆய்வகம் பொதுமக்களிடமிருந்து நேரடியாக மாதிரி பெறாது. காவல்துறை அல்லது நீதிமன்றத்தின் வழியாகத்தான் போக வேண்டும். எனவே முதற்பணி, 1988-இல் காணாமல் போனதாகப் புகார் கொடுத்திருந்தார்களா என்று அறிவது. கொடுத்திருந்தால் அதன் எண்ணைத் தேடுங்கள். கொடுக்கவில்லையென்றால் இப்போது கொடுங்கள். முப்பது ஆண்டு தாமதத்தைச் சொல்லி யாராவது திருப்பி அனுப்பப் பார்த்தால், உயர் அதிகாரிக்கு எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு பெறுங்கள். மனுவில் அப்பாவின் வயதைக் குறிப்பிட்டு, அவருடைய ரத்தத்தைச் சிறப்பு அட்டையில் உலர்த்திப் பாதுகாக்கும்படி கேளுங்கள். அப்படி உலர்த்திய ரத்தம் குளிர்பதனம் இல்லாமலே பல ஆண்டுகள் இருக்கும்.

அடுத்ததாக, சித்தப்பாவைப் பற்றி நினைவிருப்பதையெல்லாம் அப்பாவிடம் கேட்டு எழுதி வையுங்கள். எந்தக் கை உடைந்து கட்டுப் போட்டார்கள், எந்தப் பல் தூக்கியிருந்தது, எங்கே பச்சை குத்தியிருந்தார், அங்க மச்சங்கள் என்னென்ன என்பதையெல்லாம் கேளுங்கள். மச்சமும் பச்சையும் எலும்பில் இருக்காது. ஆனால் பழைய பிரேதப் பரிசோதனை அறிக்கையில் எழுதப்பட்டிருக்கக்கூடும். சிரித்த முகமாகப் பல் தெரியும் புகைப்படம் ஸ்டுடியோவில் எடுத்த இறுக்கமான படத்தைவிட மேலானது. இன்னொன்றையும் தேடச் சொல்வேன். நம் வீடுகளில் குழந்தையின் தொப்புள்கொடி உலர்ந்து விழுந்ததும் அதைத் தாயத்தில் அடைத்து இடுப்பில் கட்டும் வழக்கம் உண்டு. பாட்டியின் பெட்டியில் சித்தப்பாவின் தாயத்து இருந்தால், அதைத் திறக்காமல் காகித உறையில் வைத்துக் காவல்துறையிடம் ஒப்படையுங்கள். உலர்ந்த தொப்புள்கொடியிலிருந்து டிஎன்ஏ எடுக்க முடியும். அது உறவினருடையது அன்று, அவருடையதே.

பொய்யான நம்பிக்கையைத் தர நான் விரும்பவில்லை. 1988-இல் பொது இடுகாட்டில் புதைத்த உடலின் மேல் அதற்குப் பிறகு வேறு உடல்கள் புதைக்கப்பட்டிருக்கும். பல், எலும்பு மாதிரி எடுத்து வைக்கும் பழக்கம் அன்று இல்லை. ஆனால் கொலை என்று பதிவான வழக்குகளில் மண்டையோடும் சில எலும்புகளும் ஆய்வகத்திலோ மருத்துவக் கல்லூரியிலோ தங்கிவிடுவது உண்டு. உங்கள் பக்கம் ஆயத்தமாக இல்லாவிட்டால் அந்த எலும்புக்கும் வழி இல்லாமல் போகும்.

கேள்வி: ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். தண்டவாளத்தில் அடிபட்டவர்களின் உடல்களைப் பார்த்திருக்கிறேன். அடையாளம் தெரியாவிட்டால் சில நாட்களில் புதைத்துவிடுகிறார்கள். பிறகு யார் வந்து கேட்டாலும் காட்ட ஒன்றுமில்லை. இதற்கு மாற்று இல்லையா?
— வாசகர், ராயபுரம்

பதில்: இந்தக் கேள்விக்காக உங்களுக்கு நன்றி சொல்கிறேன். இன்று புதைக்கப்படும் உடல்கள்தாம் இன்னும் முப்பது ஆண்டு கழித்துப் 'பழைய வழக்கு' ஆகப்போகின்றன. ஆகவே தீர்க்க வேண்டிய இடம் இதுவே.

நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உடல் கிடைத்ததும் காவல்துறை சந்தேக மரணமாக வழக்குப் பதிகிறது. நெடுங்காலம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆம் பிரிவாக இருந்தது 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தின் 194-ஆம் பிரிவாகியிருக்கிறது. பிரேத விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் நடக்கின்றன. புகைப்படம் எடுத்துப் பிற நிலையங்களுக்கு அனுப்புகிறார்கள். நாளிதழில் அறிவிப்பு வருகிறது. சில நாள் குளிர்பதனப் பெட்டியில் காத்திருந்த பின் உடல் அடக்கத்துக்குப் போகிறது. சிலவேளை மருத்துவக் கல்லூரியின் உடற்கூற்றியல் துறைக்கும் போகிறது. சென்னையில் உரிமை கோரப்படாத உடல்களைத் தங்கள் கையால் மாலையிட்டு அடக்கம் செய்யும் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் உயர்வாக மதிக்கிறேன்.

குறை இருப்பது அதற்கு முன்னால். 'சுமார் 40 வயது மதிக்கத்தக்க ஆண், மாநிறம்' என்ற ஒரு வரி இந்த நகரத்தில் எத்தனை ஆயிரம் பேருக்குப் பொருந்தும்? அந்தக் காலத்தில் சலவைக்காரர் துணியில் இட்ட குறியும் தையற்கடையின் சீட்டும் காவலரை வீடு வரை கொண்டுபோய்ச் சேர்த்தன. ஆயத்த ஆடை வந்த பின் அவ்விரண்டும் மறைந்துவிட்டன. அந்த இடத்தை நிரப்ப நாம் எதையும் வைக்கவில்லை. அடக்கத்துக்கு முன் சேதமில்லாத இரண்டு கடைவாய்ப் பற்களையும் தொடை எலும்பின் ஒரு துண்டையும் எடுத்து, உலர்ந்த நிலையில், வழக்கு எண் எழுதிய காகித உறையில் வைத்துவிட்டால் போதும். காதுக்குள் இருக்கும் கெட்டியான எலும்புப் பகுதியில் டிஎன்ஏ மிக நன்றாகத் தங்கும். இயன்றால் அதையும் எடுக்கலாம். ஆனால் ஃபார்மலின் திரவத்தில் போடவே கூடாது. அது டிஎன்ஏவைக் கெடுத்துவிடும். எரிக்காமல் புதைக்க வேண்டும். புதைத்த இடத்துக்கு எண் வேண்டும். இவற்றில் எதற்கும் பெருஞ்செலவு இல்லை.

இத்தகைய உடல்கள் அனைத்துக்கும் டிஎன்ஏ விவரம் எடுக்க வேண்டும் என்று 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல மனு தாக்கலானது. சட்டம் கொண்டுவரப்படும் என்று மத்திய அரசு கூறியதன் பேரில் 2018-இல் அது முடித்துவைக்கப்பட்டது. காணாமல் போனவர்களுக்கும் பெயர் தெரியாத உடல்களுக்கும் தனித்தனித் தொகுப்புகளை ஏற்படுத்த வகை செய்த டிஎன்ஏ மசோதா 2019-இல் மக்களவையில் அறிமுகமாகி, 2023-இல் திரும்பப் பெறப்பட்டது. குடிமக்களின் அந்தரங்க உரிமை குறித்து அந்த மசோதாவின் மீது எழுந்த அச்சங்கள் நியாயமானவை. சந்தேகத்துக்கு உள்ளானவர்களின் டிஎன்ஏவைச் சேர்த்து வைப்பதை நானும் அஞ்சுகிறேன். ஆனால் இறந்தவரின் பல்லையும், தேடும் குடும்பம் தானாக முன்வந்து தரும் ரத்தத்தையும் அந்த அச்சத்தோடு சேர்த்துக் கட்டிப்போட வேண்டியதில்லை. இவ்விரண்டுக்கு மட்டும் தனியாக ஒரு சிறு சட்டம் போதும்.

2004 டிசம்பர் 26-ஐ எண்ணிப் பாருங்கள். நாகப்பட்டினத்தில் நோய் பரவும் என்ற அச்சத்தில் அவசரமாகப் பெருங்குழிகளில் புதைத்தோம். அந்த நேரத்தில் அந்த அதிகாரிகளின் இடத்தில் இருந்து பார்த்தால் குறை சொல்ல மனம் வராது. ஆனால் அதே அலையில் இறந்தவர்களைத் தாய்லாந்தில் பல நாட்டு வல்லுநர்கள் கூடி, பல், கைரேகை, டிஎன்ஏ ஆகியவற்றைக் கொண்டு மாதக்கணக்கில் உழைத்து ஆயிரக்கணக்கில் அடையாளம் கண்டு உறவினரிடம் ஒப்படைத்தார்கள். பேரிடரில் இறந்த உடல்களால் கொள்ளைநோய் பரவும் என்ற அச்சத்துக்குப் பெரும்பாலும் அடிப்படை இல்லை என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

உங்களைப் போன்றவர்களுக்கு இன்னொரு செய்தி: காணாமல் போனவரின் விவரத்தை அடையாளம் தெரியாத உடல்களின் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கும் தேடல் வசதியை மத்திய அரசு 2020-இல் இணையத்தில் திறந்தது. மாநில எல்லை இதில் பெரிய இடர். நெல்லூரில் காணாமல் போனவர் கும்மிடிப்பூண்டியில் இறந்தால் இரண்டு மாநிலங்கள், இரண்டு மொழிகள், இரண்டு கோப்புகள். தேடும் குடும்பத்தார் தமிழ்நாட்டோடு நிறுத்தாமல் அண்டை மாநிலங்களிலும் தேட வேண்டும்.

கேள்வி: ஐம்பது ஆண்டு கழித்துப் பெயரைக் கண்டுபிடித்து என்ன பயன்? கொன்றவனே செத்திருப்பானே!
— வாசகர், பெரம்பூர்

பதில்: கொலைக் குற்றத்துக்குக் காலவரம்பு இல்லை, கொன்றவர் உயிரோடிருந்தால் இன்றும் வழக்கு நடத்தலாம். இறந்தவர் யார் என்பது தெரியாமல் கொன்றவர் யார் என்ற கேள்வியைத் தொடங்கவே முடியாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடற்கரை மணல்மேட்டில் 1974-இல் கிடந்த பெண்ணின் பெயர் ரூத் மேரி டெர்ரி என்று 2022-இல் தெரிந்தது. அடுத்த ஆண்டே, அவரைக் கொன்றவர் கணவரே என்ற முடிவுக்கு அரசுத் தரப்பு வந்தது. கணவர் 2002-இலேயே இறந்துவிட்டார். தண்டிக்க ஆள் இல்லை என்பது உண்மை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு உறவினர் இருந்தார்கள். அவருக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமலே அத்தனை ஆண்டுகள் இருந்தார்கள். அவர்களுக்குச் சேர வேண்டிய பதில் கொன்றவனின் ஆயுளோடு முடிந்துவிடுவதில்லை.

கேள்வி: என் கணவர் காணாமல் போய் ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. புகார் கொடுத்திருக்கிறேன். பிணவறைக்கு மூன்று முறை கூப்பிட்டு உடல்களைக் காட்டினார்கள். எதுவும் அவர் இல்லை. தாலியைக் கழற்று என்கிறார் மாமியார். வேண்டாம் என்கிறார் என் அம்மா. மகனின் படிப்புக்கு அவர் பெயரில் உள்ள பணத்தை எடுக்க முடியவில்லை. நான் என்ன செய்வது?
— வாசகி, கொளத்தூர்

பதில்: தாலியைப் பற்றி உங்கள் மாமியாரோ அம்மாவோ நானோ முடிவு செய்ய முடியாது; உங்கள் மனம் எதை ஏற்கிறதோ அதுவே சரி. இறந்த நாள் தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசையில் திதி கொடுக்கும் வழக்கம் நம்மிடம் இருப்பதை உங்கள் மகனிடம் சொல்லலாம். அவனும் விரும்பினால் செய்யட்டும், அவசரம் இல்லை.

பணத்தைப் பொறுத்தவரை சட்டம் தெளிவாக இருக்கிறது. ஒருவர் உயிரோடிருந்தால் இயல்பாக யாருக்குச் செய்தி தெரிந்திருக்குமோ அவர்களுக்கு ஏழு ஆண்டுகள் ஒரு செய்தியும் வராவிட்டால், அவர் உயிரோடிருக்கிறார் என்று சொல்பவரே அதை மெய்ப்பிக்க வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு இது. புதிய சட்டத்தில் 111-ஆம் பிரிவு. ஆனால் ஏழு ஆண்டு முடிந்ததும் இறப்புச் சான்றிதழ் தானாகக் கைக்கு வந்துவிடாது. உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, அவர் இறந்ததாகக் கருத வேண்டும் என்ற தீர்ப்பைப் பெற்று, அதைக் கொண்டு சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். வழக்கறிஞருக்குச் செலவழிக்க இயலாதென்றால் உயர் நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு அங்கே இலவச உதவி உண்டு, வருமானக் கணக்குக் கேட்க மாட்டார்கள்.

ஆயுள் காப்பீடு இருந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சட்டம் மரணத்தை அனுமானிக்கிறதே தவிர, மரணம் நேர்ந்த தேதியை அனுமானிப்பதில்லை. காணாமல் போன நாளிலேயே இறந்ததாக எடுத்துக்கொள்ள முடியாது என்று 2004-இல் காப்பீட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அதனால் இடையில் தவணை கட்டாமல் விட்ட பாலிசிகள் காலாவதியாகி, குடும்பங்கள் பணத்தை இழந்திருக்கின்றன. உங்கள் பாலிசி எந்த நிலையில் இருக்கிறது என்று வழக்குத் தொடுப்பதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இறந்ததாகக் கருதும் தீர்ப்பைப் பெற்றால் தேடுவதை நிறுத்திவிடுவார்களோ என்ற அச்சம் உங்களுக்கு வரலாம். காணாமல் போன வழக்கு அதனால் முடிந்துவிடாது. தீர்ப்பின் நகலை நிலையத்தில் கொடுக்கும்போதே, உங்கள் மகனின் ரத்த மாதிரியையும் மாமியாரின் ரத்த மாதிரியையும் எடுத்து வைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். அவர்கள் இருவரின் மாதிரியும் இருந்துவிட்டால், இனி ஓர் உடல் கிடைத்தாலும் அதைப் பார்ப்பதற்காக உங்களைப் பிணவறை வாசலுக்கு வரவழைக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இராது.